பிரியாவிடைச் சுற்று வீண் ஆடம்பரம் அல்ல

அமெரிக்க பேஸ்பாலில் நெடுங்காலம் ஆடிப் பெயரெடுத்த ஒருவர், இதுவே தம் கடைசி ஆண்டு என்று சீசன் தொடங்கும் முன்பே அறிவித்துவிட்டு ஆடுவதைப் பிரியாவிடைச் சுற்று என்கிறார்கள். அந்த ஆண்டு அவருடைய அணி எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊர் அணி ஆட்டத்துக்கு முன் சிறு விழா எடுக்கிறது. நினைவுப் பரிசு தருகிறது. இத்தனை ஆண்டுகளாக அவரை எதிர்த்துக் கூச்சலிட்ட ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். 2012இல் அட்லான்டா பிரேவ்ஸ் அணியின் சிப்பர் ஜோன்ஸ், 2013இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா, 2014இல் அதே அணியின் டெரெக் ஜீட்டர், 2016இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டேவிட் ஓர்ட்டிஸ், 2022இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ஆல்பர்ட் புஹோல்ஸ், 2023இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் மிகேல் கப்ரேரா ஆகியோர் இவ்வாறு விடைபெற்றவர்கள்.

இந்த வழக்கத்தைக் குறைகூறுவது விளையாட்டுப் பத்தி எழுத்தில் ஏறக்குறைய ஒரு மரபாகிவிட்டது. ஜீட்டரின் கடைசி வாரத்தில், 2014 செப்டம்பரில், தொலைக்காட்சி விமர்சகர் கீத் ஓல்பர்மன் அவருடைய விடைபெறலைக் கடுமையாகச் சாடினார். அவருக்கு முன்னும் பின்னும் பலர் அதையே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தொகுத்தால் நான்கு குற்றச்சாட்டுகள் கிடைக்கும். ஒன்று, இது புகழ் வெறி பிடித்த நம் காலத்தின் புது நோய். பழைய மேதைகள் ஆரவாரமில்லாமல் விலகினார்கள். இரண்டு, தனி ஒருவரின் கொண்டாட்டத்துக்காக அணியின் வெற்றி பலியிடப்படுகிறது. மூன்று, இது ஆட்டக்காரரின் தற்பெருமைக்குத் தீனி. நான்கு, இது முழுக்க முழுக்க வியாபாரம். இந்த நான்கும் பேஸ்பாலின் வரலாற்றோடும் கணக்கோடும் பொருந்தவில்லை. மிஞ்சும் குறைகள் சில உண்டு. அவற்றைத் திருத்திக்கொள்ள வழியும் உண்டு. குறைகளைக் காட்டி வழக்கத்தையே ஒழிக்கச் சொல்வது தவறு.

நடைமுறை

பிரியாவிடைச் சுற்றுக்காக ஓர் ஆட்டம்கூடக் கூடுதலாக ஆடப்படுவதில்லை. மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். அவற்றில் பாதியான 81 வெளியூரில். அட்டவணை முன்கூட்டியே முடிவானது. ஓய்வு அறிவித்த ஆட்டக்காரரும் மற்றவர்களைப் போல அதே விமானத்தில் அதே ஊர்களுக்குப் போகிறார். அவருக்கென மாறுவது ஒவ்வோர் ஊரிலும் ஆட்டம் தொடங்கும் முன் கழியும் சில நிமிடங்கள்தான். பேஸ்பால் தொடர்கள் பெரும்பாலும் மூன்று நாள் நீள்பவை. விழா அதில் ஒரு நாளோடு முடிந்துவிடும்.

விழா எடுப்பவர் எதிரணியினர் என்பதையும் கவனிக்க வேண்டும். எந்த ஆட்டக்காரரும் இன்னோர் ஊரின் அரங்கில் தமக்குத் தாமே விழா எடுத்துக்கொள்ள முடியாது. அழைப்பதும் பரிசைத் தேர்ந்தெடுப்பதும் எதிரணி நிர்வாகம். எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று முடிவு செய்வது அந்த ஊர் ரசிகர்கள். ஆட்டக்காரர் செய்வதெல்லாம் தேதியை முன்கூட்டிச் சொல்வது மட்டுமே.

பழைய காலத்து மௌனம் என்ற கற்பனை

முந்தைய தலைமுறையினர் சத்தமில்லாமல் போனார்கள் என்பது வரலாற்றைப் புரட்டிப் பார்க்காத பேச்சு. பேஸ்பாலின் மிகப் பெரிய பொது விடைபெறல் 1939 ஜூலை 4 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் நடந்தது. தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடிய லூ கெரிக், நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோய் கண்டு விலகியபோது, 60,000க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். சக வீரர்கள் கோப்பை கொடுத்தார்கள். அதே நகரத்தின் போட்டி அணியான ஜயன்ட்ஸ் பரிசு அனுப்பியது. அரங்கின் ஊழியர்களும் பரிசளித்தார்கள். எதிரணி தரும் மரியாதை, ஊழியர்களின் அன்பு, ஒலிபெருக்கி முன் நன்றியுரை என்று இன்றைய விழாவின் உறுப்புகள் அனைத்தும் அன்றே இருந்தன.

பேப் ரூத்தின் கதை அதற்கும் முந்தையது. 1935இல் யாங்கீஸ் அவரைக் கைவிட்டபின் பாஸ்டன் பிரேவ்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. துணைத் தலைவர், உதவி மேலாளர் என்ற பட்டங்கள் தரப்பட்டன. நோக்கம் நுழைவுச்சீட்டு விற்பனை. உடல் ஒத்துழைக்காத ரூத் மே மாத நடுவிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். வேறு நகரங்களில் அவருக்காகத் தனி நாள் கொண்டாட ஏற்பாடாகியிருந்ததால், உரிமையாளர் எமில் ஃபுக்ஸ் அவரைத் தொடர்ந்து ஆடும்படி கேட்டுக்கொண்டார். மே 25 அன்று பிட்ஸ்பர்க் நகரில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்துத் தம் மொத்தத்தை 714 ஆக்கினார். சில நாளில், 28 ஆட்டங்களில் .181 என்ற பேட்டிங் சராசரியோடு, அணி நிர்வாகத்திடம் மனம் கசந்து வெளியேறினார். ஆக, வயதான நட்சத்திரத்தை ஊர் ஊராகக் காட்டிச் சீட்டு விற்பது 1935இலேயே இருந்தது. அன்று இல்லாதது, கடைசி நாளைத் தாமே குறித்துக்கொள்ளும் உரிமை. இன்றைய வழக்கம் அந்த உரிமையை ஆட்டக்காரரிடம் கொடுத்திருக்கிறது.

பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் 1960 செப்டம்பர் 28 அன்று அந்த அணியின் அரங்கான ஃபென்வே பார்க்கில் தம் கடைசி வாய்ப்பில் ஹோம் ரன் அடித்தார். ரசிகர்களின் ஆரவாரத்துக்குத் தொப்பியைக்கூட உயர்த்தாமல் உள்ளே போனார். பழைய காலத்து விறைப்புக்கு எடுத்துக்காட்டாக இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அன்று ஆட்டத்துக்கு முன் அவருக்கு விழா நடந்தது, பரிசுகள் தரப்பட்டன, புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கான ஜிம்மி ஃபண்ட் நிதிக்கு அவர் பேரில் காசோலை வழங்கப்பட்டது என்பவை சொல்லப்படுவதில்லை. அன்று அரங்கில் இருந்தவர்கள் 10,454 பேர். நியூயார்க்கில் நடந்த கடைசித் தொடருக்கு அவர் போகவில்லை; அந்த நகர ரசிகர்களுக்கு விடைகொடுக்கும் வாய்ப்பே கிட்டவில்லை.

1973இல் வில்லி மேய்ஸுக்கு ஷே ஸ்டேடியத்தில் தனி இரவு கொண்டாடினார்கள். 1983இல் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி கடைசி நாட்களில் ஃபென்வே பார்க்கைச் சுற்றி ஓடி ரசிகர்களின் கைகளைத் தொட்டு விடைபெற்றார். 2001இல் கால் ரிப்கன் ஜூன் மாதத்திலேயே ஓய்வை அறிவித்தார். நட்சத்திர வீரர்கள் மோதும் அவ்வாண்டின் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாகத் தேர்வாகியிருந்த அலெக்ஸ் ரோட்ரிகஸ், ரிப்கன் பல ஆண்டுகள் காத்த அந்த இடத்துக்கே அவரைத் தள்ளிவிட்டுத் தாம் மூன்றாம் பேஸுக்கு நகர்ந்தார். எனவே 2012க்குப் பிறகு நடப்பவை வானத்திலிருந்து குதித்தவை அல்ல. பழைய வழக்கம் சொந்த ஊரின் எல்லையைத் தாண்டி மற்ற ஊர்களுக்கும் முறையாகப் பரவியிருக்கிறது, மாற்றம் அவ்வளவே.

அணிக்கு நேர்ந்தது என்ன

இரண்டாவது குற்றச்சாட்டு கணக்கால் சோதிக்கத் தக்கது. விமர்சகர்கள் பெரும்பாலும் ஜீட்டரின் 2014ஐ மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். அவருக்கு அப்போது 40 வயது. கணுக்கால் முறிவால் முந்தைய ஆண்டு 17 ஆட்டங்களே ஆடியவர். 2014இல் 145 ஆட்டங்களில் .256 சராசரி, 4 ஹோம் ரன் என்பது அவர் தரத்துக்குக் குறைவு. மேலாளர் ஜோ ஜிரார்டி அவரைப் பெரும்பாலான நாட்களில் இரண்டாம் பேட்டராகவே இறக்கினார். அணி 84 வெற்றி, 78 தோல்வியோடு அடுத்த சுற்றுக்கான கடைசி இடத்தை நான்கு ஆட்ட இடைவெளியில் இழந்தது.

ஆனால் அந்த அணி தடுமாறியதற்கு முதற்காரணம் பந்துவீச்சாளர்களின் காயங்கள். சீசன் தொடக்கத்தில் இருந்த ஐந்து முதன்மைப் பிட்சர்களில் சி.சி. சபாத்தியா 8 ஆட்டங்களோடும் ஐவன் நோவா 4 ஆட்டங்களோடும் முடங்கினார்கள். மைக்கேல் பினேடா 13 ஆட்டங்களே தொடங்கினார். மசாஹிரோ டனாகா ஜூலையில் காயம்பட்டுச் செப்டம்பரில்தான் திரும்பினார். முழு ஆண்டும் தாக்குப்பிடித்தவர் ஹிரோகி குரோடா ஒருவரே. ஜீட்டரின் இடத்துக்கு மாற்றாக இருந்த பிரெண்டன் ரயனின் சராசரி .167. விழாக்களை ரத்து செய்திருந்தால் இவற்றில் எது மாறியிருக்கும்?

மற்றவர்களின் கணக்கைப் பார்த்தால் குற்றச்சாட்டு மேலும் தளர்கிறது. சிப்பர் ஜோன்ஸ் 40 வயதில் .287 சராசரியோடு 14 ஹோம் ரன் அடித்தார். பிரேவ்ஸ் 94 ஆட்டங்களில் வென்றது. ஆட்டத்தின் இறுதியில் இறங்கி முன்னிலையைக் காத்துக்கொடுப்பதைச் 'சேவ்' என்பார்கள். ரிவேரா 43 வயதில் 44 சேவ் எடுத்தார், ஒன்பது இன்னிங்குக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 2.11 ரன். ஓர்ட்டிஸ் தம் 40ஆம் பிறந்தநாளில் ஓய்வை அறிவித்துவிட்டு 2016இல் .315 சராசரி, 48 டபுள், 38 ஹோம் ரன், 127 ரன் ஈட்டல் என்று ஆடினார். கடைசி சீசனில் ஒருவர் அடித்த ஹோம் ரன்களில் அதுவே மிக அதிகம். 2015இல் தம் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த ரெட் சாக்ஸ், அவர் விடைபெற்ற ஆண்டில் 93 வெற்றியோடு முதலிடம் பிடித்தது.

புஹோல்ஸின் கதை இன்னும் அழுத்தமானது. 42 வயதில் தம் பழைய அணிக்குத் திரும்பிய அவர், 2022இன் முதற்பாதியில் 6 ஹோம் ரன்தான் அடித்தார். பிற்பாதியில் 18 அடித்து, செப்டம்பர் 23 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 700ஐத் தொட்டார். பாரி பாண்ட்ஸ், ஹேங்க் ஆரன், பேப் ரூத் ஆகிய மூவர் மட்டுமே அதற்கு முன் அந்த எண்ணை எட்டியவர்கள். அணி 93 வெற்றியோடு பிரிவை வென்றது. கப்ரேரா 2023இல் .257 சராசரி, 4 ஹோம் ரன் என்று மெலிந்தே ஆடினார். எனினும் டைகர்ஸ் முந்தைய ஆண்டின் 66 வெற்றியிலிருந்து 78க்கு ஏறியது.

விழாவால் அணி வென்றது என்று இந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. விழாவால் அணி தோற்கும் என்பதற்கு இதில் ஆதாரமில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். முதுமையில் சிலர் தளர்கிறார்கள், சிலர் ஓங்கி ஆடுகிறார்கள். ஓய்வை அறிவிக்காதவர்களுக்கும் அதுவே நடக்கிறது. கென் கிரிஃபி ஜூனியர் 2010இல் எந்தச் சுற்றும் அறிவிக்காமல் ஆடினார், 33 ஆட்டங்களில் .184 சராசரி, ஒரு ஹோம் ரன்கூட இல்லை.

முன்னறிவிப்பால் நிர்வாகத்துக்கு ஓர் ஆதாயமும் உண்டு. ஜீட்டர் 2014 பிப்ரவரியில் அறிவித்ததால், ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு ஆள் தேட யாங்கீஸ் அணிக்கு ஏறக்குறைய ஓராண்டு அவகாசம் கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் மூன்று அணிகள் கலந்துகொண்ட பரிமாற்றத்தில் டிடி கிரெகோரியஸை அது பெற்றது. ஒருவர் போவாரா, இருப்பாரா என்று தெரியாமல் குளிர்காலம் முழுவதும் காத்திருக்கும் அணிக்கு இந்த வசதி கிடையாது.

விழா யாருக்காக

தற்பெருமை என்ற குற்றச்சாட்டுக்கு விடை பேஸ்பாலின் அட்டவணையில் இருக்கிறது. மேஜர் லீக், அமெரிக்கன் லீக் என்றும் நேஷனல் லீக் என்றும் இரண்டாகப் பிரிந்தது. 1997க்கு முன் வழக்கமான சீசனில் இரண்டு லீக் அணிகளும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. இரு லீக்குகளின் வாகையர் மோதும் உலகத் தொடர், ஆல்-ஸ்டார், பயிற்சி ஆட்டங்கள் ஆகியவற்றில் மட்டுமே சந்தித்தன. 1997க்குப் பிறகும் சில பிரிவுகள் மட்டும் சுழற்சி முறையில் மோதின. எல்லா அணிகளும் ஒவ்வோர் ஆண்டும் எல்லா அணிகளோடும் ஆடத் தொடங்கியது 2023இல்தான்.

இதனால் விளைந்ததைச் செயின்ட் லூயிஸ் நகரம் தெளிவாகக் காட்டுகிறது. பேஸ்பால் பற்று மிகுந்த ஊர் அது. 1964 உலகத் தொடருக்குப் பிறகு யாங்கீஸ் அணி அங்கே ஆட வந்தது 2014 மே மாதத்தில். இருபது சீசன் ஆடி 3,465 முறை ஹிட் அடித்த ஜீட்டரை, 2009 ஆல்-ஸ்டார் ஆட்டம் ஒன்றைத் தவிர, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் அரங்கில் பார்த்ததே இல்லை. முதலும் கடைசியுமாக அவர் வந்த அந்த மூன்று நாட்கள் எத்தகையவை என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஜீட்டர் அறிவிக்காமல் ஆடியிருந்தால், தங்களுக்குக் கிடைத்தது ஒரே வாய்ப்பு என்பது அவர்களுக்கு அவர் ஓய்வுபெற்ற பின்பே தெரிந்திருக்கும்.

சொந்த ஊர் ரசிகர்களுக்கு ஆண்டில் 81 நாட்கள் இருக்கின்றன. பிறகும் எண் ஓய்வு விழா, முன்னாள் வீரர்கள் நாள் என்று வாய்ப்புகள் வரும். வெளியூர் ரசிகருக்கு மூன்று நாள்தான். அப்பா தம் மகளை அழைத்துவந்து காட்ட வேண்டுமென்றால் எந்த மூன்று நாள் என்று தெரிந்திருக்க வேண்டும். முன்னறிவிப்பின் முதற்பயன் அந்த வெளியூர் ரசிகருக்கே. அதைத் தற்பெருமை என்பவர்கள் எப்போதும் ஆட்டக்காரரின் பக்கத்திலிருந்தே பார்க்கிறார்கள். இருக்கையில் இருப்பவரின் பக்கத்திலிருந்து பார்ப்பதில்லை.

ஆட்டக்காரரும் தம் பங்குக்கு இந்த ஆண்டை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை ரிவேரா காட்டினார். 2012 மே மாதம் கேன்சஸ் சிட்டியில் பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்படியே விலக மனமில்லாமல் மறு ஆண்டு திரும்பி வந்தவர், சீசனுக்கு முன்பே ஓய்வை அறிவித்தார். போகும் ஊரிலெல்லாம் அரங்கின் பின்னணியில் உழைப்பவர்களைத் தாம் சந்திக்க ஏற்பாடு செய்யச் சொன்னார். சீட்டு விற்பவர்கள், சமையல்காரர்கள், மைதானப் பராமரிப்பாளர்கள், நீண்டகால ரசிகர்கள் என்று சிறு கூட்டங்களோடு உட்கார்ந்து பேசினார். அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அவர்கள் கதைகளைக் கேட்டார். கிளீவ்லாந்தில் 1973 முதல் அரங்கின் உச்சிப் படியில் டிரம் அடித்துவந்த ரசிகர் ஜான் ஆடம்ஸும் அவர் சந்தித்தவர்களில் ஒருவர். பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து ஆட்டத்தின் கடைசி இன்னிங்கில் மட்டும் தோன்றி மறைந்த ஒரு மனிதர், தம் எதிரூர்களின் பெயர் தெரியாத ஊழியர்களுக்கு நன்றி சொல்லப் போனது இந்தச் சுற்றால் நடந்தது.

பரிசுகளும் இதையே சொல்கின்றன. ரிவேராவின் கட்டர் என்னும் வளைந்து உள்ளேறும் பந்து பேட்டர்களின் மட்டைகளை உடைப்பதில் பேர்போனது. மினசோட்டா ட்வின்ஸ் உடைந்த மட்டைகளாலேயே ஒரு சாய்வு நாற்காலி செய்து கொடுத்தது. பாஸ்டனில் ஃபென்வே பார்க்கின் கைமுறை ஸ்கோர் பலகையிலிருந்து, அவருடைய சட்டை எண்ணான 42 பொறித்த தகடு தரப்பட்டது. பால்டிமோரில் 2013இல் ஓர்ட்டிஸ் கோபத்தில் மட்டையால் அடித்து நொறுக்கிய தொலைபேசியை, 2016இல் ஓரியோல்ஸ் அணி எடுத்துவைத்து அவருக்கே பரிசளித்தது. சிகாகோ கப்ஸ், ஜீட்டருக்குத் தன் அரங்கான ரிக்லி ஃபீல்டின் ஸ்கோர் பலகையிலிருந்து, அவருடைய சட்டை எண்ணான 2 பொறித்த தகட்டைக் கொடுத்தது. இவை கடையில் வாங்கியவை அல்ல. இரண்டு தரப்பும் சேர்ந்து வாழ்ந்த வரலாற்றிலிருந்து எடுத்தவை. நாற்காலி செய்தவர்கள் அந்தப் பந்தின் கொடுமையைப் பல ஆண்டு அனுபவித்தவர்கள்.

பகை மூண்ட ஊர்களில் இதன் பொருள் இன்னும் ஆழமாகிறது. யாங்கீஸும் ரெட் சாக்ஸும் தலைமுறை தலைமுறையாக மோதும் அணிகள். ஜீட்டரின் கடைசி ஆட்டம் 2014 செப்டம்பர் 28 அன்று பாஸ்டனில் அமைந்தது. பாஸ்டனின் முன்னாள் நாயகர் யஸ்ட்ரெம்ஸ்கியும் அவரை வரவேற்க வந்திருந்தார். உள்வட்டத்தில் விழுந்த ஒரு ஹிட்டோடு ஜீட்டர் களத்தை விட்டு நடந்தபோது, இருபது ஆண்டுகள் அவரைத் திட்டிய அரங்கம் எழுந்து நின்றது. போட்டியை முழு மூச்சாக நடத்தி, முடிந்தபின் எதிரியின் திறமையைப் பொதுவில் ஒப்புக்கொள்வது விளையாட்டு கற்பிக்கும் பண்புகளில் தலையாயது. அதைச் செய்ய ரசிகர் கூட்டத்துக்கு ஒரு நாள் குறித்துத் தருவது இந்த வழக்கம்.

பணம்

வியாபாரம் நடக்கிறது என்பது உண்மை. 2014 செப்டம்பரில் யாங்கீஸ் வீரர்கள் தொப்பியிலும் சட்டைக் கையிலும் ஜீட்டர் நினைவுச் சின்னம் அணிந்து ஆடினார்கள். மைதான மண்ணைச் சிறு குப்பிகளில் அடைத்து விற்றார்கள். விளம்பர நிறுவனங்கள் அவர் பேரைப் பயன்படுத்தின. இதைக் கண்டு முகம் சுளிப்பவர்களின் உணர்வு நியாயமானது.

ஆனால் அந்த வியாபாரம் பிரியாவிடைச் சுற்றினால் பிறந்ததல்ல. 3,000ஆவது ஹிட்டுக்கும் விற்பனை நடக்கிறது, உலகத் தொடர் வெற்றிக்கும் நடக்கிறது, புதிய அரங்கு திறந்தாலும் நடக்கிறது. வருவாய்க்காகவே இது நடத்தப்படுகிறது என்ற வாதம் வருகைக் கணக்கிலும் நிற்பதில்லை. யாங்கி ஸ்டேடியத்தில் 2013இல் சுமார் 32.8 லட்சம் பேர், 2014இல் சுமார் 34 லட்சம் பேர். உயர்வு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. எந்தச் சுற்றும் நடக்காத 2010இல் சுமார் 37.7 லட்சம் பேர் வந்தார்கள். அணி நன்றாக ஆடினால் கூட்டம் வருகிறது; விழா அதற்கு ஈடாவதில்லை.

பரிசுகளோடு சேர்த்து எதிரணிகள் ஆட்டக்காரரின் அறக்கட்டளைக்கு நன்கொடை தருவதும் வழக்கமாகிவிட்டது. ஜீட்டர் 1996இல் தொடங்கிய டர்ன் 2 அறக்கட்டளைக்குப் பல ஊர்களில் காசோலைகள் வந்தன. 1960இல் வில்லியம்ஸ் பேரில் ஜிம்மி ஃபண்டுக்குக் கிடைத்த காசோலையின் தொடர்ச்சியே இது. வியாபாரத்தைக் கண்டிப்பவர்கள் குப்பியில் அடைத்த மண்ணைக் கண்டிக்கட்டும். அதற்காக நன்கொடையையும் சந்திப்பையும் சேர்த்து ஒதுக்கத் தேவையில்லை.

சொல்லாமல் போவது மேலா

சத்தமின்றி விலகுவது கண்ணியம் என்ற எண்ணம் எல்லாக் குற்றச்சாட்டுகளுக்கும் அடியில் கிடக்கிறது. அப்படி விலகியவர்களைப் பார்க்க வேண்டும். சாண்டி கோஃபாக்ஸ் 1966இல் 27 ஆட்டங்களை வென்றபின், மூட்டு நோயால் 30 வயதில், நவம்பர் மாதம் ஓய்வை அறிவித்தார். அக்டோபரில் அவரைப் பார்த்த யாருக்கும் அது கடைசி ஆட்டம் என்று தெரியாது. மைக் ஷ்மிட் 1989 மே 29 அன்று, தம் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வெகு தொலைவில், சான் டியாகோவில் கண்ணீரோடு திடீரென விலகினார். ஓய்வுபெற்ற பிறகும் ரசிகர்கள் அவருக்கு வாக்களித்து ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். விடைகொடுக்க வாய்ப்பில்லாமல் போனவர்களுக்கு வாக்குச்சீட்டே கிடைத்த வழி. கிரிஃபி 2010 ஜூனில் அரங்குக்கு வராமல் காரில் ஃபுளோரிடா நோக்கிப் புறப்பட்டார். அவருடைய அறிக்கையை அணி படித்தது. ரொபெர்ட்டோ கிளெமென்டே 1972 செப்டம்பர் 30 அன்று தம் 3,000ஆவது ஹிட்டை அடித்தார்; நிகராகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து அவ்வாண்டின் கடைசி நாளில் இறந்தார்.

நோயும் சாவும் சிலருக்கு விடைபெறும் வாய்ப்பைத் தருவதில்லை. வாய்ப்பு உள்ளவர் அதைப் பயன்படுத்துவதில் கண்ணியக் குறைவு ஏதுமில்லை. ஷ்மிட்டும் கிரிஃபியும் தங்கள் மனம்போல் விலகியது அவர்கள் உரிமை. அந்த உரிமையை எல்லாருக்கும் கடமையாக்குவதுதான் தவறு.

நெடுநாள் தங்கி ஆடுபவர் தம் பெயரைத் தாமே கெடுத்துக்கொள்கிறார் என்று சொல்ல வில்லி மேய்ஸை எடுத்துக்காட்டுவார்கள். 1973 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், ஓக்லாந்தில், 42 வயதில் அவர் தடுமாறி விழுந்த காட்சி தளர்ச்சியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதே ஆட்டத்தின் 12ஆம் இன்னிங்கில் அணிக்கு முன்னிலை தந்த ஹிட்டை அடித்ததும் மேய்ஸ்தான். அவருடைய அணியான மெட்ஸ் 10-7 என வென்றது. அதுவே அவருடைய கடைசி ஹிட். விழுந்ததை மட்டும் நினைவில் வைத்திருப்பது பார்ப்பவர்களின் குறை.

குற்றச்சாட்டில் மிஞ்சுவது

விமர்சகர்கள் சொல்வதில் ஏற்கத் தக்கவையும் உண்டு. முதலாவது, களத்துக்குள் மரியாதை நுழையக்கூடாது. 2014 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஜீட்டருக்கு அடிக்க எளிதான பந்தை வீசியதாக ஆடம் வெயின்ரைட் பேசியது சர்ச்சையானது. பிறகு அவரே அதைத் திருத்திக்கொண்டார். அப்போது ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் முடிவே உலகத் தொடரில் எந்த லீக்குக்குச் சொந்த மைதான வசதி என்பதைத் தீர்மானித்தது. ஆகவே அந்தக் கேள்வி நியாயமானது. மரியாதை ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் இருக்க வேண்டும். பந்து கையிலிருந்து புறப்பட்டபின் இருக்கக்கூடாது.

இரண்டாவது, பேட்டிங் வரிசையை மேலாளர் தகுதி பார்த்தே அமைக்க வேண்டும். ஜீட்டரை ஆறாம் இடத்திலோ ஏழாம் இடத்திலோ இறக்கியிருந்தாலும் ஒரு விழாகூடக் குறைந்திருக்காது. ரிவேராவின் கடைசி நாள் இதற்கு நல்ல முன்மாதிரி. 2013 செப்டம்பர் 26 அன்று ஒன்பதாம் இன்னிங்கில் அவரைக் களத்திலிருந்து அழைத்துவர ஜிரார்டி தாம் போகாமல், ரிவேராவோடு இளம் வயதிலிருந்தே ஆடிய ஜீட்டரையும் ஆண்டி பெட்டிட்டையும் அனுப்பினார். ரிவேரா பெட்டிட்டின் தோளில் சாய்ந்து அழுதார். அணி அதற்கு முந்தைய நாளே போட்டியிலிருந்து வெளியேறியிருந்தது. ஆட்டத்தின் நேர்மைக்கு எந்த ஊறும் இல்லை.

மூன்றாவது, எல்லாருக்கும் சுற்று நடத்தினால் யாருக்கும் அதில் மதிப்பிருக்காது. தென்கொரியா இதை வெளிப்படையாகவே விவாதித்தது. அந்நாட்டு லீக்கின் பத்து அணிகளும் சேர்ந்து முறையாக நடத்திய முதல் ஓய்வுச் சுற்று 2017இல் லீ சுங்-யுப்புக்கு நடந்தது. கடைசி ஆட்டத்தில் அவர் இரண்டு ஹோம் ரன் அடித்தார். 2020இல், அந்நாளில் அந்த லீக்கில் மிக அதிகமாக ஹிட் அடித்தவரான பார்க் யோங்-டேக்குக்கும் நடத்தலாம் என்ற யோசனை எழுந்தபோது ரசிகர்களில் பலர் எதிர்த்தார்கள். அவரே வேண்டாம் என்று ஒதுங்கினார். 2022இல் லீ டே-ஹோவுக்கு ஒப்புதல் கிடைத்தது. அவர் 40 வயதில் .331 சராசரி, 23 ஹோம் ரன் என்று ஆடி அந்த மரியாதைக்கு நியாயம் செய்தார். தகுதியை ஆட்டக்காரர் தாமே அறிவித்துக்கொள்ள முடியாது, மற்ற ஊர்கள் இணங்கினால்தான் சுற்று நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தற்பெருமைக்குத் தீனி என்ற குற்றச்சாட்டு இங்கேயே விழுந்துவிடுகிறது.

இந்த மூன்று வரம்புகளும் காக்கப்பட்டால், பிரியாவிடைச் சுற்றை எதிர்க்கக் காரணம் ஏதும் எஞ்சாது. ஆண்டுக்கு மூன்று நாள் மட்டுமே பார்க்கக் கிடைத்த ஓர் எதிரணி வீரரின் திறமையை, அவர் கையில் மட்டை இருக்கும்போதே, ஓர் ஊர் பொதுவில் ஒப்புக்கொள்கிறது. அந்த ஊழியர்களையும் ரசிகர்களையும் அவர் நேரில் பார்த்து நன்றி சொல்கிறார். இதற்கு அணி கொடுக்கும் விலை ஆட்டத்துக்கு முந்தைய சில நிமிடங்கள். இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு பேருக்கு நிறைவு தரும் வழக்கம் தொழில்முறை விளையாட்டில் அதிகமில்லை. பேஸ்பால் இதைக் கைவிடக்கூடாது.